தாயாரின் உடல்நலம் கருதி

மேஜருடைய அம்மாவுக்கு மூன்று மழைக்காலம் தொடர்ந்து உடம்புக்கு வந்தது. முதல் இரண்டு மழைக்கு அந்த அம்மாள் கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார். மாடிப்படி ஏறி இறங்கினார், துணி துவைத்துக் காயப்போட்டார், பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டு ஜெயித்தார். நோயெல்லாம் ராணுவக் காகிதத்தில் மட்டும்தான். மூன்றாவது மழைக்குத்தான் விஷயம் கை மீறிப் போனது.

இது எப்படி என்று புரிய வேண்டுமானால் மேஜரின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராணுவம் என்றதும் துப்பாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் கையில் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் ஸ்பேனர்தான். வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டால், அங்கே லாரிகளில் இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு போய், கரையிலேயே ஒன்றோடு ஒன்று கோத்து, உருளைகள் மேல் ஏற்றி, ஆட்கள் தோள் கொடுத்து எதிர்க்கரைக்குத் தள்ளிவிடுகிற பிரிவு அவருடையது. பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். தண்ணீருக்கு மேல் பாதி தூரம் நீட்டிக்கொண்டு, எதிலும் ஊன்றாமல், அந்த இரும்பு தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும், எப்போது மூச்சு விடக்கூடக் கூடாது என்பதெல்லாம் மேஜருக்கு உள்ளங்கை ரேகை. அதனால் அவருக்குப் பிரிவில் 'பாலம்' என்றே பெயர். சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் "பாலம் வருதுடா" என்பார்கள். முகத்துக்கு நேரே "பாலம் சார்" என்று கூப்பிட்ட துணிச்சல்காரர்களும் உண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற இடத்தில் வேலை பார்த்துத்தான் அம்மா இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். அது போதாமல் அக்காவும் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அதே வெளுப்புக் கூடத்துக்குப் போனாள். தம்பி படித்தான், அதிகாரியானான். முதல் தடவை சீருடையோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா அவன் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கஞ்சி சரியாப் போடலயே" என்றுதான் சொன்னார். அக்கா சிரித்தாள். அந்தக் காலத்தில் அவள் தம்பியோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

மேஜர் பதவிக்கு அடுத்தது லெப்டினன்ட் கர்னல். அந்தப் படி ஏற வேண்டுமானால் தலைமைப் பயிற்சி என்று ஒன்றை முடித்திருக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் பன்னிரண்டு வாரம். ஓர் அதிகாரிக்கு மூன்று தடவை பெயர் வரும். மூன்றையும் விட்டால் நான்காவது கிடையாது. மேஜராகவே இருந்து, வயது வரம்பு வந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பயிற்சி எப்போது நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? மழைக்காலத்தில். வெயிலில் களப்பயிற்சி, குளிரில் அணிவகுப்பு, மழையில் வெளியே எதுவும் செய்ய முடியாது, அதனால் வகுப்பறைப் பாடம் எல்லாவற்றையும் மழைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். திட்டம் போட்ட புண்ணியவான்களுக்கு மழைக்காலத்தில் மட்டுமே வேலை இருக்கிற ஒரு பிரிவும் இந்த ராணுவத்தில் உண்டு என்பது தோன்றவில்லை. ஒருமுறை பிரிவிலிருந்து எழுதிக் கேட்டதற்கு, மற்ற பிரிவுகளிடமிருந்து இப்படி ஒரு புகாரும் வரவில்லையே என்று பதில் வந்தது. மற்ற பிரிவுகள் ஏன் புகார் சொல்லப் போகின்றன?

முதல் தடவை பெயர் வந்தபோது மேஜர் பெட்டியே கட்டிவிட்டார். அப்போது பிரிவுக்குத் தலைமையாக இருந்தவர் ஒரு கர்னல். பார்க்கிறவர்கள் தோளையெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பார், அதனால் அவருக்குத் 'தோள்தட்டி' என்று பெயர். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மேஜர் அப்போதே சுதாரித்திருப்பார்.

"ஆறு ஏறுதுப்பா," என்றார் தோள்தட்டி. "உன்னை இப்ப விட்டுட்டு நான் யாரை வெச்சுப் பாலம் போடுறது? அடுத்த வருஷம் போய்க்கலாம். தள்ளிவைக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு."

"நான் எழுதணுமா சார்? படைத் தேவைன்னு நீங்கதானே எழுதணும்?"

தோள்தட்டி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "படைத் தேவைன்னு நான் எழுதினா மேலேருந்து என்ன கேப்பான் தெரியுமா? ஒரே ஒருத்தனை நம்பியா பிரிவை நடத்துற, மாத்து ஆளை ஏன் தயார் பண்ணலன்னு கேப்பான். அது என் பேர்ல கறை. எல்லாப் பிரிவுலயும் இப்படித்தாம்பா, சொந்தக் காரணம்னு அதிகாரியே எழுதிக் குடுத்துடுவாங்க."

"என்ன காரணம் சார் போடுறது? மனைவிக்கு உடம்பு சரியில்லன்னு..."

"மனைவின்னு போடாத. அவங்க நம்ம ஆஸ்பத்திரிலதான் பாக்கணும், பதிவேடு இருக்கும், மாட்டிக்குவ. அம்மான்னு போடு. அம்மாவுக்கு எவனும் சர்டிபிகேட் கேக்க மாட்டான்."

மேஜர் உட்கார்ந்து எழுதினார். 'தாயாரின் உடல்நலம் கருதி, இவ்வாண்டுப் பயிற்சியிலிருந்து எனக்கு விலக்களிக்குமாறு...' தோள்தட்டி அதை வாங்கிக்கொண்டு தோளைத் தட்டினார். அந்த மழையில் மேஜர் நான்கு பாலம் போட்டார்.

வீட்டுக்குப் போனில் இதைச் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு என்னடா நோயி? அதையாவது சொல்லித் தொலை, யாராவது கேட்டா இருமணுமா, நொண்டணுமான்னு தெரியணும்ல?" இரண்டாவது வருஷமும் அதே கதை, அதே விண்ணப்பம், தேதி மட்டும் வேறு. "இந்த வருஷமாவது நல்ல டாக்டரா பாத்துக் காட்டுடா," என்றார் அம்மா.

மூன்றாவது தடவைதான் கடைசி வாய்ப்பு என்பது மேஜருக்குத் தெரியும். தோள்தட்டிக்கும் தெரியும். "உன் விஷயத்தை நானே மேலே பேசி முடிச்சுத் தரேன்," என்றார். மேஜர் நம்பினார். ஏன் நம்பினார் என்று அவர் மனைவி பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொல்லாத பதில் ஒன்று உண்டு. தான் இல்லாவிட்டால் பாலம் நிற்காது என்பதைத் தோள்தட்டி நம்பினாரோ இல்லையோ, மேஜர் நம்பினார். அந்த நம்பிக்கை இனிப்பாக இருந்தது. அவர் இல்லாமலும் அந்தப் பாலங்கள் நின்றிருக்கும். கீழே இருந்த கேப்டன் பையன் நன்றாகவே வேலை பழகியிருந்தான்.

மூன்றாவது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொஞ்ச நாளில் அம்மா குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. அக்கா போன் செய்தாள். அப்போது மேஜர் ஆற்றங்கரையில் இருந்தார். பாலம் போட்டாகிவிட்டது, வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன, ஆனால் தண்ணீர் இன்னும் வடியவில்லை. லீவு கேட்டுத் தோள்தட்டியின் கூடாரத்துக்குப் போனார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார்."

தோள்தட்டி சிரித்துவிட்டார். "நிஜமாவா, இல்ல நம்ம காகிதத்து நோயா?" மேஜரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "தண்ணி கொஞ்சம் வடியட்டும்பா. ரெண்டே நாள். வயசானவங்க, ஒண்ணும் ஆயிடாது."

மேஜர் சண்டை போட்டிருக்கலாம். சொல்லாமல் கிளம்பியிருக்கலாம். அவர் போய்ப் பாலத்தின் சட்டங்களைக் கோத்திருந்த இரும்பு ஊசிகளை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தார். ரெண்டு நாள் கழித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், தரை ஈரமாக இருந்தது. அக்கா அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. எது என்றாலும் தம்பி மனைவிக்குத்தான் போன்.

இப்படியாக, பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது மேஜரின் பெயர் அதில் இல்லை. காரணம் ஒரே வரி: கட்டாயப் பயிற்சி முடிக்கப்படவில்லை. அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒருவன் போன் செய்து, "சார், உங்க பேர் விட்டுப்போச்சு போல, அச்சுப் பிழையா இருக்கும்" என்றான். நல்ல பையன். மேஜர் அவனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். தோள்தட்டி அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னது ஒரு வக்கீல். முன்னே ராணுவத்தின் சட்டப் பிரிவில் இருந்தவர், இப்போது ஒரு டயர் கடையின் மாடியில் அறை பிடித்து உட்கார்ந்திருந்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்துக்கு நடுவில்தான் பேச வேண்டும். மேஜர் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மேஜர், இதுல ஒரே ஒரு கதவுதான் இருக்கு. படைத் தேவைக்காகப் பயிற்சியை விட்டேன்னு அப்ப இருந்த கமாண்டர் சான்று குடுத்தா, பதவியைக் குடுத்துட்டு அப்புறம் பயிற்சிக்கு அனுப்பலாம்னு விதில இடம் இருக்கு. உங்க கர்னல் அதை எழுதித் தரணும்."

"அவர் தரலன்னா? நானே நடந்ததைச் சொன்னா?"

"சொல்லலாமே. மூணு வருஷம் அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நீங்களே வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆகும். பதவி உயர்வு கேக்கப் போய், இருக்கிற பதவியையும் பென்ஷனையும் போட்டுட்டு வருவீங்க. அம்மா பேச்சை மட்டும் எடுக்காதீங்க, சொல்லிட்டேன்."

மேஜர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள், எதையும் ஊசி குத்துகிற மாதிரி சொல்லிப் பழக்கம். "ஆக மொத்தம், உண்மையைச் சொன்னா நீங்க பொய்யர். பொய்யையே பிடிச்சுக்கிட்டு நின்னா பயிற்சிக்குப் போகாத சோம்பேறி. நல்லா இருக்குங்க உங்க ராணுவம்." சொல்லிவிட்டு அவளே அடுத்த நாள் லீவு போட்டு அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தாள். கர்னலைப் பார்க்கப் போகிறவர் கசங்கிப் போகக் கூடாது என்பது அவள் எண்ணம்.

தோள்தட்டி புது வீடு கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். வாசலுக்கே ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். டீ வந்தது. மருமகனை அறிமுகப்படுத்தி, "இவன்தான் பாலம். இவன் ஒருத்தன் இருந்தா எனக்கு ஒரு பட்டாலியன் இருந்த மாதிரி" என்றார். மேஜர் வந்த காரியத்தைச் சொன்னார். தோள்தட்டி முழுக்கக் கேட்டார், உச்சுக்கொட்டினார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு இல்லாததாப்பா? நேரா மேல்முறையீட்டுக் குழுவுக்கே எழுதுறேன். அவங்க மனசு கரையுற மாதிரி எழுதுறேன், பாரு."

மேஜர் அன்று பஸ்ஸில் வரும்போது, ரொம்ப நாளைக்குப் பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்தார். வீட்டுக்கு வந்து மகளிடம், "லெப்டினன்ட் கர்னல் பொண்ணுன்னா காலேஜ்ல மரியாதை குடுப்பாங்களா?" என்று கிண்டல் செய்தார். "உங்களுக்கே அங்க குடுக்கலயேப்பா" என்றாள் அவள். அந்த வீட்டில் கொஞ்ச நாளாவது சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்புறம் கடிதத்தின் நகல் வந்தது. தோள்தட்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றித்தான் இருந்தார். மனசு கரைகிற மாதிரிதான் எழுதியிருந்தார். இந்த அதிகாரி கடமையில் மலை போன்றவர் என்று ஆரம்பித்து, இரண்டாவது பத்தியில், 'தம் பதவி உயர்வையும் பொருட்படுத்தாது, நோயுற்ற தாயின் அருகிலிருந்து பணிவிடை செய்வதையே மூன்று முறையும் தேர்ந்தெடுத்த உத்தம புத்திரர்' என்று முடித்திருந்தார். படைத் தேவை என்கிற வார்த்தை எந்த மூலையிலும் இல்லை.

மேஜர் உடனே போன் போட்டார்.

"படிச்சியா?" என்றார் தோள்தட்டி உற்சாகமாக. "என் பொண்ணு படிச்சுட்டு அழுதுட்டாப்பா."

"சார், நான் கேட்டது இது இல்ல. படைத் தேவைன்னு..."

"அதை எழுதினா நான் மாட்டிக்குவேன். நீயும் மாட்டிக்குவ. இதுல பாரு, நீயும் நல்லவனா இருக்க, நானும் நல்லவனா இருக்கேன். இதுல என்ன குறைச்சல் உனக்கு?"

அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவர் நிஜமாகவே உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் நகலை இரண்டு தடவை படித்தார். கடைசியில், "இதை ஆட்சேபிக்கவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது. போய் நில்லுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கருணை அடிப்படையில ஏதாவது பண்ணாங்கன்னா உண்டு" என்றார். அவரே அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

விசாரணை அறையில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் குழுவின் தலைவியான பிரிகேடியர், ஒரு பக்கம் விதிப் புத்தகத்தோடு ஓர் அதிகாரி, இன்னொரு பக்கம் எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவர். மூலையில் தட்டச்சு செய்கிற பெண். மேஜர் போட்டிருந்த சீருடையில் கஞ்சி மொடமொடவென்று இருந்தது.

விதிப் புத்தகக்காரர் கேட்டார். "மூன்று விண்ணப்பமும் நீங்க எழுதினதுதானா?" ஆமாம். "கையெழுத்து உங்களுதா?" ஆமாம். "படைத் தேவைன்னு கமாண்டர் சான்று இருக்கா?" இல்லை. அவ்வளவுதான். ஒரு மனுஷன் ஆற்றோடு போராடிய வருஷங்களை அள்ளி ஓரம் போட அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

தலைவி கடிதத்தைக் கையில் எடுத்தார். குரல் கனிவாக இருந்தது.

"மேஜர், உங்க கர்னல் எழுதினதைப் படிச்சோம். எங்க அம்மா போனப்ப நான் எல்லைல இருந்தேன். தகவலே எனக்கு மறுநாள்தான் வந்துச்சு. நீங்க குடுத்து வெச்சவர். பதவி போனாப் போகுதுன்னு அம்மா பக்கத்துல இருந்தீங்க. விதி எங்க கையைக் கட்டிப் போட்டிருக்கு, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஒரு மகளா சொல்றேன், உங்களைப் பெத்தவங்க புண்ணியம் பண்ணவங்க."

தலையாட்டுகிறவர் தலையாட்டினார். மேஜர் "தேங்க் யூ மேடம்" என்று சொல்லிவிட்டு ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வக்கீல் சொல்லிக்கொடுத்தது அதுதான், மனைவி காலையில் சத்தியம் வாங்கிக்கொண்டதும் அதுதான். பதவி கிடைக்கவில்லை என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பாராட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் பக்கத்துல இல்ல மேடம்."

"என்ன?"

"அம்மா இறந்த அன்னைக்கு நான் பாலத்துல இருந்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் இருந்தாங்க. நான் எழுதினது பொய். எழுதச் சொன்னாங்க, எழுதினேன். மூணாவது தடவையும் பொய்யாத்தான் எழுதினேன். அது அப்புறம் நிஜமாயிடுச்சு."

தட்டச்சுச் சத்தம் நின்றது. விதிப் புத்தகக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார், இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவருக்குச் சுவாரசியம் வந்திருந்தது. தலைவி அவரைக் கையமர்த்திவிட்டு மூலையைப் பார்த்தார்.

"இதைப் பதிவு பண்ணாதீங்க."

"மேடம், பதிவு பண்ணச் சொல்லுங்க," என்றார் மேஜர். "நான் சொன்னது உண்மை."

"மேஜர், உங்க மகள் படிச்சுக்கிட்டிருக்கா இல்லையா? நீங்க இப்ப சொன்னது காகிதத்துல ஏறினா நாளைக்கே உங்க மேல விசாரணை. பென்ஷன் போயிடும். நீங்க துக்கத்துல பேசுறீங்க. நான் அப்படித்தான் எடுத்துக்கறேன்."

"துக்கம் இல்ல மேடம்..."

"தண்ணி குடிங்க," என்றார் தலைவி. மூடி போட்ட கண்ணாடித் தம்ளரைத் தன் கையாலேயே அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அது கருணையா, இல்லை, ஓய்வுபெற்ற கர்னலையும் ராணுவத்திலுள்ள அத்தனை பிரிவையும் இழுத்துப் போட்டு விசாரிக்கிற தலைவலி வேண்டாம் என்கிற நினைப்பா, எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்தே இருக்கலாம். மேஜர் தண்ணீரைக் குடித்தார். அவர் வாழ்க்கையில் சொன்னதிலேயே பெரிய உண்மையைச் சொல்லி முடித்து, அது யார் காதிலும் விழாத மாதிரி ஆன பிறகு, சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தான். "எப்படி சார் இருக்காங்க உள்ளே?" என்று கேட்டான். "நல்லவங்க" என்றார் மேஜர்.

தீர்ப்பு தபாலில் வந்தது. அன்று சனிக்கிழமை, மனைவிக்கு அரை நாள் வேலை. அவள்தான் பிரித்தாள். மனு தள்ளுபடி. வயது வரம்பு வரை மேஜராகவே தொடரலாம். ஓய்வூதியம் முதலான எதற்கும் குந்தகமில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மேடம் நல்லா இருக்கணும்," என்றாள். மேஜர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கழற்றிக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டு நின்றார். சந்தோஷப்படவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு மனுஷன் நிற்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அக்காவுக்குத் தகவல் சொல்லத்தான் அவள் போன் செய்தாள். என்ன இருந்தாலும் தம்பிக்கு என்ன ஆகுமோ என்று அந்தப் பக்கம் ஒரு ஜீவன் விசாரித்துக்கொண்டேதான் இருந்தது.

"பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. பதவிதான் இல்லன்னுட்டாங்க."

"என்னதான் எழுதியிருக்காங்க? படி, கேப்போம்."

அவள் படித்தாள். வேகத்தில் முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. 'மனுதாரர் தம் நோயுற்ற தாயாருக்கு இறுதிவரை அருகிலிருந்து ஆற்றிய பணிவிடையை இக்குழு மனமாரப் பாராட்டுகிறது, எனினும்...' பாதியில் நாக்கு நின்றுவிட்டது.

மூன்று வாரம் அம்மாவுக்கு மலமும் மூத்திரமும் எடுத்தவள் அக்கா. புரட்டிப் போட்டு முதுகு துடைத்தவள் அக்கா. வெளுப்புக் கூடத்தில் கூலியை விட்டுவிட்டு, ராவும் பகலும் கட்டில் பக்கத்தில் தரையில் கிடந்தவள் அக்கா. அதைப் பாராட்டி அவளுக்கு யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக் கொடுத்ததில்லை.

"அண்ணி... அது வந்து, அவர், நான் பக்கத்துல இல்லன்னுதான் சொல்லியிருக்கார். அவங்கதான் கேக்கல. தப்பா நினைச்சுக்காதீங்க."

"போனை அவன்கிட்ட குடு," என்றாள் அக்கா.

மேஜர் போனை வாங்கினார். இத்தனை வருஷம் கழித்து அக்காவின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அக்கா, நான் வேணும்னு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றதைக் கேளு. இதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்." குரலில் கோபமே இல்லை. களைப்புதான் இருந்தது. "அம்மா கடைசி ரெண்டு நாளும் உன்னைத்தான்டா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு வேற வழி தெரியல. கிளம்பிட்டான்மா, வழியில வெள்ளம், பாலம் போட்டதும் வந்துடுவான்னு சொல்லிட்டேன். அதுக்கு அம்மா, 'அவன்தானே போடணும், அப்ப சீக்கிரம் போட்டுடுவான்'னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. அப்புறம் திறக்கல."

மேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். பாலம் அதற்கு முன்பே போட்டு முடித்தாகிவிட்டது என்பதை அக்காவிடம் அவர் சொல்லவில்லை.